ஆண் மீனுக்கு எதற்கு ஈஸ்ட்ரோஜன்?

மீன் குஞ்சு பொரிப்பகங்களில் ஒரு வழக்கம் உண்டு. இனப்பெருக்கப் பருவத்தில் கெண்டை மீன்களைக் குளத்திலிருந்து பிடித்து, அடிவயிற்றைக் கட்டைவிரலால் மெல்ல நீவிப் பார்ப்பார்கள். ஆணாக இருந்து பருவமும் கூடியிருந்தால் பால் போல இரண்டு சொட்டு வெளியே வரும். அதுதான் விந்து. வந்தால் மீன் தொட்டிக்குப் போகும், வராவிட்டால் மறுபடியும் குளத்துக்கு. அந்த இரண்டு சொட்டுக்குள் கோடிக்கணக்கான விந்தணுக்கள் இருக்கின்றன. அடுத்த ஆண்டும் அதே மீன் அதே போலத் தரும், அதற்கு அடுத்த ஆண்டும் தரும்.

இது எப்படி முடிகிறது? விவசாயி அறுவடை நெல் முழுவதையும் சோற்றுக்குப் போட்டுவிட மாட்டார். விதைநெல் என்று ஒரு பங்கை எடுத்துவைப்பார். மீனின் விந்தகத்திலும் அப்படி ஒரு விதைநெல் இருக்கிறது. விந்தணுவாக மாறாமல், தன்னைப் போலவே இன்னொன்றை மட்டும் உண்டாக்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஸ்டெம் செல்கள்தான் அவை. சில பிரிந்து, வளர்ந்து, வாலுள்ள விந்தணுக்களாக வெளியேறிவிடும். மீதி அடுத்த பருவத்துக்காகத் தங்கும். அவற்றைப் பெருக்கிக் காக்கும் வேலையில் பங்கெடுக்கும் ஹார்மோன்களில் ஒன்று, பள்ளிப் பாடத்தில் 'பெண்பால் ஹார்மோன்' என்று நாம் படித்த ஈஸ்ட்ரோஜன்.

பெயரில் உள்ள கோளாறைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1929-ல் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் புட்டனாண்டும் தனித்தனியே ஈஸ்ட்ரோஜன் வகைகளில் ஒன்றான எஸ்ட்ரோனைப் பிரித்தெடுத்தார்கள். இருவருக்கும் மூலப்பொருள் கர்ப்பிணிகளின் சிறுநீர். கிடைத்த இடத்தை வைத்து அது பெண்ணுடையது என்று முடிவாகிவிட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1934-ல், பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற மருத்துவர் பொலிகுதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் ஏராளமாக இருப்பதைக் கண்டு எழுதினார். கம்பீரத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் விலங்கு! அறிவியல் உலகம் அதை ஒரு விநோதம் என்று குறித்துவைத்துக்கொண்டு பழைய பெயரோடே மேலே போய்விட்டது. அந்தப் பெயரின் பாரத்தை இன்றுவரை மீன் ஆராய்ச்சியும் சுமக்கிறது.

வேதியியலைப் பார்த்தால் ஆண், பெண் என்ற இந்தப் பிரிவினை இன்னும் மெலிதாகிவிடும். ஆண் ஹார்மோன் என்று சொல்லப்படும் டெஸ்டோஸ்டிரோனை அரோமட்டேஸ் என்ற நொதி மாற்றினால் எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் கிடைக்கிறது. அதாவது டெஸ்டோஸ்டிரோன் எங்கே இருக்கிறதோ, அரோமட்டேஸும் அங்கே இருந்தால், ஈஸ்ட்ரோஜன் அங்கே உருவாகும். உடம்பு ஆணா பெண்ணா என்று நொதி பார்ப்பதில்லை. நாம் சாப்பிடும் பெரும்பாலான மீன்கள் அடங்கிய எலும்பு மீன் கூட்டத்தில் இந்த நொதிக்குப் பெரும்பாலும் இரண்டு மரபணுக்கள் உள்ளன. ஒன்று முக்கியமாக இனப்பெருக்க உறுப்பில் வேலை செய்கிறது, மற்றது மூளையில்.

இவற்றோடு மீன்களுக்கென்றே முக்கியமான இன்னொரு ஆண் ஹார்மோனும் உண்டு. 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் என்று பெயர். 1960 வாக்கில் கனடாவில் சாக்ஐ சால்மனின் இரத்தத்திலிருந்து பிரித்தார்கள். அரோமட்டேஸால் இதை ஈஸ்ட்ரோஜனாக மாற்ற முடியாது. ஆகவே மீன் ஆராய்ச்சியாளருக்கு இது ஒரு வசதி. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து ஒரு விளைவு வந்து, 11-கீட்டோ கொடுத்தால் அது வரவில்லை என்றால், நடுவில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

சரி, விதைநெல்லுக்கு வருவோம். இந்தக் கதையின் நாயகன் ஜப்பானிய விலாங்கு. விலாங்கு ஒரு விசித்திரமான பிராணி. நன்னீரில் வருடக்கணக்கில் வளர்ந்து, கடைசியில் கடலுக்குப் போய் ஒரே முறை இனப்பெருக்கம் செய்யும். பண்ணைத் தொட்டியில் வைத்திருக்கும்வரை அது பருவத்துக்கு வருவதே இல்லை. அதன் விந்தகத்தை எடுத்துப் பார்த்தால் ஆரம்ப நிலைச் செல்கள் மட்டுமே இருக்கும், விந்தணு ஒன்றுகூட இருக்காது. பண்ணைக்காரருக்கு இது தலைவலி. ஜப்பானிய ஆய்வாளர் தக்கேஷி மியூராவுக்கும் அவரது குழுவினருக்கும் இதுவே பெரிய வசதியாகப் போயிற்று. எழுதாத பலகை கிடைத்தது போல. எந்த ஹார்மோனைச் சேர்த்தால் எந்தப் படி நகர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் அல்லவா?

விந்தகத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, வளர்ப்பு ஊடகத்தில் வைத்து, 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோனை மட்டும் சேர்த்தார்கள். மூன்று வாரத்தில் அந்தத் துண்டுக்குள் முழு விந்தணுக்கள் உருவாகியிருந்தன. 1991-ல் வெளியான இந்த முடிவு மீன் இனப்பெருக்க ஆய்வில் ஒரு திருப்பம். உடம்புக்கு வெளியே, ஒரு கண்ணாடித் தட்டில், ஆரம்பச் செல்லிலிருந்து விந்தணுவரை முழு வழியையும் ஒரே ஒரு ஸ்டீராய்டு நடத்திக் காட்டியது.

அதே முறையில் 1999-ல் எஸ்ட்ராடையாலைச் சோதித்தபோது வேறொன்று நடந்தது. செல்கள் பிரிந்தன. ஆனால் முன்னேறவில்லை. ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, எல்லாமே ஆரம்ப நிலைச் செல்களாகவே பெருகின. ஈஸ்ட்ரோஜனின் செயலைத் தடுக்கும் டமோக்சிஃபெனைக் கொடுத்தபோது அந்தப் பெருக்கம் குறைந்தது. இதற்குத் தேவைப்பட்ட எஸ்ட்ராடையாலோ மிக மிகக் கொஞ்சம், ஆண் விலாங்கின் இரத்தத்தில் இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கும் அளவுதான். ஹொக்கைடோ ஆறுகளில் வாழும் ஹுச்சன் என்ற சால்மன் இன மீனிலும் இரண்டு ஆண்டுகள் கழித்து இதே போக்கைக் கண்டார்கள்.

இதிலிருந்து ஒரு வேலைப் பங்கீடு தெரிகிறது. ஈஸ்ட்ரோஜன் விதையைப் பெருக்கி வைக்கிறது. 11-கீட்டோ நடவும் அறுவடையும் பார்த்துக்கொள்கிறது. முன்னதற்கும் பின்னதற்கும் நடுவில், குரோமோசோம்கள் பாதியாகும் செல் பிரிவைத் தொடங்கி வைப்பதிலும், கடைசியில் விந்தணுவுக்கு நீந்தும் திறன் வருவதிலும், புரோஜெஸ்டின் வகை ஹார்மோன் ஒன்று கை கொடுக்கிறது. ஈஸ்ட்ரோஜனின் கட்டளை நேராக ஸ்டெம் செல்லுக்குப் போவதாகவும் தெரியவில்லை. விலாங்கு விந்தகத்தில் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொண்டு அதன் செய்தியை வாங்கும் ஏற்பிகள் இருப்பது செர்டோலி செல்களில். விந்தணுக் கூட்டங்களைச் சுற்றி நின்று ஊட்டம் கொடுத்து வளர்க்கும் செவிலித்தாய்ச் செல்கள் இவை. ஹார்மோன் செவிலியிடம் சொல்ல, செவிலி குழந்தையிடம் சொல்கிறாள்.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலும் ஈஸ்ட்ரோஜனுக்கு வேலை உண்டு. இளம் ஆண் மீன் பருவத்தை நெருங்கும்போது விந்தகத்திலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன், மூளையிலும் பிட்யூட்டரியிலும் எஸ்ட்ராடையாலாக மாறி, விந்தகத்தை இயக்கும் லூட்டினைசிங் ஹார்மோனைச் சேமித்துவைக்கத் தூண்டுகிறது. பருவம் வந்த பிறகு அதே ஈஸ்ட்ரோஜன் பிட்யூட்டரிக்குப் 'போதும்' என்று சொல்லும் பணியைச் செய்கிறது. இந்தப் 'போதும்' என்ற சொல்லை நினைவில் வையுங்கள். கழிவுநீர் பற்றிப் பேசும்போது அது திரும்பி வரும்.

இதுவரை சொன்னதைப் படித்தால் ஆண் மீனுக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் ஆகாது என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஜீப்ரா மீன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது.

ஜீப்ரா மீன் நம் நாட்டு மீன். கங்கைச் சமவெளியின் வாய்க்கால்களிலும் வயல்களிலும் திரியும் விரல் நீளப் பொடி, இன்று உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் வளர்கிறது. 2016-ல் மக்காவ் பல்கலைக்கழகத்தினர் இந்த மீனில் இனப்பெருக்க உறுப்பின் அரோமட்டேஸ் மரபணுவை வெட்டியெடுத்தார்கள். பிறந்தவை எல்லாம் ஆண்கள். பெண் ஒன்றுகூட இல்லை. இது ஓரளவு எதிர்பார்த்ததுதான், ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் சினைப்பை உருவாகாது. எதிர்பாராதது அடுத்த ஆண்டு வந்தது. ஒரு குழு ஈஸ்ட்ரோஜனின் மூன்று ஏற்பி மரபணுக்களையும் நீக்கிப் பார்த்தது. அந்த மீன்களின் செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜன் வழக்கமாகப் போய்ச் சேரும் வழி முழுவதும் அடைபட்டுவிட்டது. அவையும் எல்லாம் ஆண்களே. அவற்றின் விந்தகம் சரியாக இருந்தது, பெண்ணோடு விட்டால் முட்டைகள் கருவுற்றன.

அப்படியானால் விலாங்கு சொன்னது பொய்யா? அவசரப்பட வேண்டாம் என்பது என் கட்சி. ஏற்பி மரபணுக்கள் மூன்றும் போனாலும், செல்லின் மேல்சவ்வில் ஈஸ்ட்ரோஜனை உணரும் வேறொரு ஏற்பி மிச்சம் இருக்கிறது. பிறவியிலேயே ஒரு மரபணு இல்லாத மீன், மாற்று ஏற்பாடு செய்துகொண்டு வளரவும் கூடும். இதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது வாழ்க்கை முறை. ஆய்வுக்கூட ஜீப்ரா மீன் மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்து, ஆண்டு முழுவதும், வேளா வேளைக்கு இரை கிடைக்கும் தொட்டியில் விந்து தந்துகொண்டே இருக்கிறது. விலாங்கோ வருடக்கணக்கில் விதையைக் கட்டிக் காத்து ஒரே அறுவடையில் செலவழிக்கிறது. தினம் கடையில் அரிசி வாங்குகிறவருக்கும் குதிரில் நெல் வைத்திருப்பவருக்கும் சேமிப்பில் ஒரே அக்கறை இருக்காது. 30,000-க்கும் மேற்பட்ட மீன் இனங்களில் இரண்டை வைத்து 'மீன்' என்று பொதுவாகப் பேசுவதே கொஞ்சம் துணிச்சல்தான்.

விந்தகத்தில் இப்படி இழுபறி என்றால், மூளையில் நிலைமை தெளிவாக இருக்கிறது. மீன் மூளையின் அரோமட்டேஸ் செயல்பாடு பாலூட்டிகளின் மூளையைவிட 100 முதல் 1,000 மடங்கு அதிகம். தங்கமீனில் 1980-களில் இதை அளந்தபோது அளவீட்டில்தான் ஏதோ தவறு என்று நினைக்கத் தோன்றும் அளவுக்கு வேறுபாடு. இந்த நொதி இருப்பது நரம்புச் செல்களில் இல்லை, ரேடியல் கிளையா என்ற துணைச் செல்களில். வாழ்நாள் முழுவதும் புதிய நரம்புச் செல்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் திறன் மீன் மூளைக்கு உண்டு. அந்தப் புதிய செல்களின் தாயும் இதே ரேடியல் கிளையாதான்.

இவ்வளவு ஈஸ்ட்ரோஜனை ஆண் மூளை எதற்காகத் தயாரிக்கிறது? ஒரு பகுதி பதில் தங்கமீனிலிருந்து வருகிறது. முட்டையிடத் தயாராகும் பெண் தங்கமீன் தண்ணீரில் விடும் வேதிப்பொருளை மோந்ததும் ஆணின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எகிறும். அமெரிக்காவின் போடன் கல்லூரியில் ரிச்சர்ட் தாம்சன் குழுவினர், டெஸ்டோஸ்டிரோன் கொடுத்த ஆண்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பெண்ணைக் கண்டு அருகில் போய் நிற்பது கூடுவதை 2009-ல் காட்டினார்கள். அரோமட்டேஸைத் தடுத்துவிட்டால் அந்த விளைவு மறைந்தது. நேரடியாக எஸ்ட்ராடையாலைக் கொடுத்தால் அதே விளைவு வந்தது. மரபணுவை இயக்கி, புரதம் உண்டாக்கி, அதன் வழியாக நடத்தையை மாற்ற இவ்வளவு குறைந்த நேரம் போதாது. அதனால் ஈஸ்ட்ரோஜன் இங்கே கிட்டத்தட்ட நரம்புச் சமிக்ஞை போல நடந்துகொள்கிறது என்று கருதுகிறார்கள்.

மெடாக்கா மீனில் வந்த ஆய்வு இன்னும் நேர்த்தியானது. ஜப்பானிய நெல்வயல்களில் வாழும் மெடாக்காவில் ஆண் பெண்ணின் முன்னால் சட்டென்று ஒரு வட்டம் அடித்துக் காட்டும். அதுதான் அதன் காதல் அழைப்பு. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கத்தாகி ஒகுபோ குழு மூளை அரோமட்டேஸ் இல்லாத ஆண்களை உருவாக்கியது. அவற்றின் மூளையில் டெஸ்டோஸ்டிரோன் இருந்தும் வட்டமடிப்பது குறைந்தது, பிற ஆண்களோடு சண்டையும் குறைந்தது. எஸ்ட்ராடையால் கொடுத்ததும் பழைய சுறுசுறுப்பு திரும்பியது. காரணம் என்னவென்று தோண்டியபோது, மூளையின் குறிப்பிட்ட பகுதிகளில் ஆண் ஹார்மோனுக்கான ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே ஈஸ்ட்ரோஜன்தான் என்று தெரிந்தது. ஆண் ஹார்மோன் கதவைத் தட்டுவதற்கு முன் கதவையே பொருத்திக் கொடுப்பது பெண் ஹார்மோன். பெயர்கள் இங்கே முற்றிலும் உதவாமல் போகின்றன.

இனி, ஈஸ்ட்ரோஜனின் அளவும் நேரமும் மாறினால் என்ன ஆகும் என்ற பக்கம். இதை முதலில் திட்டமிட்டுச் செய்து பார்த்தவரும் மெடாக்காவைத்தான் பயன்படுத்தினார். நகோயா பல்கலைக்கழகத்தின் டோகியோ யமமோட்டோ என்ற ஆய்வாளர், 1953-ல், இப்போதுதான் பொரித்த மெடாக்கா குஞ்சுகளின் இரையில் எஸ்ட்ரோனைக் கலந்தார். மரபணுப்படி ஆணான, அதாவது எக்ஸ்-ஒய் குரோமோசோம் கொண்ட குஞ்சுகள் பெண்களாக வளர்ந்து முட்டையிட்டன. குஞ்சுப் பருவத்தில் சில வாரங்கள்தான் இதற்கு வாய்ப்பு. அந்தச் சின்ன இடைவெளியில் ஈஸ்ட்ரோஜன் கூடினால் சினைப்பை, குறைந்தால் விந்தகம். பெண் மீனிலோ அந்த முடிவு அப்போதும் நிரந்தரம் இல்லை. வளர்ந்த பெண் திலேப்பியாவுக்கு அரோமட்டேஸ் தடுப்பு மருந்தை நெடுநாள் கொடுத்தால் சினைப்பை கரைந்து விந்தகமாகிறது. நம் கடலின் களவா மீன்கள் பெண்ணாகத் தொடங்கி ஆணாக மாறுவதும், கொடுவா ஆணாகத் தொடங்கிப் பெண்ணாக மாறுவதும் இதே தராசின் இரண்டு பக்கங்கள்.

யமமோட்டோவின் சோதனை ஒரு விந்தையான தொழில்நுட்பத்துக்கு வழி திறந்தது. நாம் ஜிலேபி கெண்டை என்று சொல்லும் திலேப்பியாவில் மதுரையில் நடந்த வேலையைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீனுக்கு ஒரு பிரச்சினை. சீக்கிரமே பருவத்துக்கு வந்து, தாய் வாயிலேயே முட்டையை அடைகாத்து, சில மாதத்தில் குளம் முழுவதும் பொடிக்குஞ்சுகளாக நிரப்பிவிடும். விற்கும் அளவுக்கு எதுவும் வளராது. ஆண் மீன் வேகமாக வளரும் என்பதால் ஆண்களை மட்டும் வளர்ப்பதே தீர்வு. அதற்கு எளிய வழி, குஞ்சுகளுக்கு மீத்தைல்டெஸ்டோஸ்டிரோன் என்ற செயற்கை ஆண் ஹார்மோன் கலந்த தீவனத்தை மூன்று நான்கு வாரம் கொடுப்பது. உலகின் பல பண்ணைகளில் நடப்பது இதுதான்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வரதராஜும் டி. ஜே. பாண்டியனும் சுற்றுவழியைத் தேர்ந்தெடுத்தார்கள். எக்ஸ்-ஒய் ஆண் குஞ்சை ஹார்மோனால் பெண்ணாக மாற்றினால் அது இடும் முட்டைகளில் பாதி ஒய் குரோமோசோம் கொண்டவை. தந்தையின் மரபணு சேராமல், அந்த முட்டையின் குரோமோசோம்களையே இரட்டிப்பாக்கி வளர்த்தால் ஒய்-ஒய் ஆண் கிடைக்கும். 'சூப்பர் ஆண்' என்று அழைக்கப்படும் அந்த மீனைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் குஞ்சுகள் எல்லாமே ஆண். 1989-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வந்த அவர்களது கட்டுரை, ஹார்மோனையும் இந்தத் தாய்வழி முறையையும் இணைத்துச் சூப்பர் ஆண் திலேப்பியாவை உருவாக்கிய முதல் அறிக்கை. சந்தைக்குப் போகும் மீன் ஹார்மோனைத் தொட்டதே இல்லை, அதன் பாட்டி மட்டுமே சாப்பிட்டிருக்கிறாள். குளம் நிறைய ஆண்களைப் பெறுவதற்கு முதல் படி ஓர் ஆணைப் பெண்ணாக்குவது என்ற இந்த முரண் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதே உத்தியை அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துகிறது. அங்கே கிழக்கிலிருந்து வந்து பரவிய புரூக் ட்ரவுட் உள்ளூர் மீன்களை நெருக்குகிறது. எஸ்ட்ராடையால் தந்த குஞ்சுகளின் வழியாக ஒய்-ஒய் ஆண்களை வளர்த்து ஓடைகளில் விடுகிறார்கள். தலைமுறை தோறும் பெண்கள் குறைந்து, கடைசியில் கூட்டமே அற்றுப்போகும் என்பது கணக்கு.

திட்டமிடாமல், யாரும் கேட்காமல், ஈஸ்ட்ரோஜன் தண்ணீரில் கலந்த கதைதான் உலகம் அதிகம் கேள்விப்பட்டது. அது இங்கிலாந்தில் தொடங்குகிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் நீர்த்தேக்கங்களில் தூண்டில் போட்டவர்கள், கெண்டை வகையைச் சேர்ந்த ரோச் மீன்களில் சில ஆணும் பெண்ணுமாகக் கலந்திருப்பதைக் கவனித்தார்கள். அப்புறம் ஆராய்ச்சியாளர்கள் சுத்திகரித்த நீர் வெளியேறும் வாய்களில் கூண்டுகளில் ட்ரவுட் மீன்களை வைத்துப் பார்த்தார்கள். ஒன்று முதல் மூன்று வாரத்தில் அவற்றின் இரத்தத்தில் வைட்டலோஜெனின் என்ற புரதம், இடத்தைப் பொறுத்து, 500 மடங்கு முதல் 1,00,000 மடங்குவரை ஏறியிருந்தது.

வைட்டலோஜெனின் முட்டையின் மஞ்சள் கருவுக்கான மூலப்பொருள். கல்லீரல் தயாரித்து, இரத்தத்தில் அனுப்பி, சினைப்பை அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆணின் கல்லீரலிலும் அதே மரபணு இருக்கிறது, ஏற்பியும் இருக்கிறது. ஆணின் இரத்தத்தில் ஓடும் சிறு அளவு ஈஸ்ட்ரோஜன் அதை எழுப்பப் போதாது, அவ்வளவுதான். அளவு கூடியதும் கல்லீரல் கடமை தவறாமல் வேலையைத் தொடங்கிவிடுகிறது. உறிஞ்சிக்கொள்ளச் சினைப்பை இல்லாததால் புரதம் இரத்தத்திலேயே தேங்கி, மிஞ்சினால் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது.

புரூனெல் பல்கலைக்கழகத்தின் சூசன் ஜாப்ளிங், ஜான் சம்ப்டர், சார்லஸ் டைலர் ஆகியோர் பிரிட்டிஷ் ஆறுகளில் ரோச் மீன்களைப் பிடித்து ஆராய்ந்து 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். சில இடங்களில் பிடிபட்ட ஆண்கள் அத்தனையிலும் பெண்மைக் கூறு இருந்தது. விந்தகத்தின் நடுவே முட்டைச் செல்கள், அல்லது விந்துக் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் சினைப்பைக் குழி. அதே ஆண்டு கழிவுநீரைப் பகுத்துப் பார்த்ததில் குற்றவாளிகள் பட்டியலில் முன்னால் நின்றவை எஸ்ட்ரோன், எஸ்ட்ராடையால், கருத்தடை மாத்திரையின் எதினைல் எஸ்ட்ராடையால் ஆகிய மூன்றும். முதல் இரண்டும் மனித உடம்பு இயல்பாக வெளியேற்றுபவை. கம்பளி ஆலைகள் இருந்த யார்க்ஷயரின் ஏர் ஆற்றில் மட்டும் சோப்புப் பொருளிலிருந்து வந்த, ஈஸ்ட்ரோஜன் போலவே செயல்படும் நோனைல்ஃபீனால் முன்னணியில் இருந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நம் கல்லீரல் ஈஸ்ட்ரோஜனை வெளியே அனுப்பும் முன் அதோடு ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டிச் செயலற்றதாக்கிவிடுகிறது. சிறுநீரில் போகும்போது அது பூட்டிய பெட்டி. சாக்கடையில் உள்ள பாக்டீரியாக்கள் அந்த ஒட்டை வெட்டியெடுத்து மறுபடியும் உயிர் கொடுக்கின்றன. எதினைல் எஸ்ட்ராடையால் இன்னும் பிடிவாதம் பிடித்தது. மாத்திரையாக விழுங்கினாலும் கல்லீரல் சீக்கிரம் சிதைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அதை வடிவமைத்தார்கள். சுத்திகரிப்பு நிலையத்திலும் அது அதே உறுதியைக் காட்டுகிறது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உள்ளன. கேரன் கிட் தலைமையிலான குழு 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில் 260-ஆம் எண் ஏரியில் எதினைல் எஸ்ட்ராடையாலைக் கலந்து, லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் இருக்கும்படி பார்த்துக்கொண்டது. அந்த அளவைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் தண்ணீர் லாரி உதவும். 30 மைக்ரோகிராம் கொண்ட ஒரு மாத்திரையை 6,000 லிட்டர் லாரியில் கரைத்தால் லிட்டருக்கு 5 நானோகிராம்.

அந்த ஏரியில் ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீன் நிறைய இருந்தது. முதல் கோடையிலேயே ஆண்களின் இரத்தத்தில் வைட்டலோஜெனின் பொங்கியது. விந்தகம் சிறுத்தது, விந்தணு உற்பத்தி நடுவழியில் நின்றது, சிலவற்றில் முட்டைச் செல்கள் தென்பட்டன. அடுத்த ஆண்டுகளில் குஞ்சுகளைக் காணவில்லை. அந்த இனம் ஏரியிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தது. கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பெருகியது.

விந்தணு உற்பத்தி ஏன் நின்றது என்பதற்கு, நினைவில் வைக்கச் சொன்ன 'போதும்' என்ற சொல்லே விடையின் பெரும்பகுதி. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஜீப்ரா மீன் ஆண்களை ஈஸ்ட்ரோஜன் கலந்த நீரில் வைத்துப் பார்த்தபோது, அவற்றின் 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் உற்பத்தி வீழ்ந்திருந்தது. வெளியிலிருந்து வந்த ஈஸ்ட்ரோஜனை மூளையும் பிட்யூட்டரியும், விந்தகம் ஏற்கெனவே மும்முரமாக இயங்குவதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. தூண்டுதலை நிறுத்துகின்றன. ஆண் ஹார்மோன் இறங்க, அறுவடை நிற்கிறது. பெண்மையாகிவிட்டது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு உண்மையில் ஆண் ஹார்மோன் வறட்சி. பிரிட்டிஷ் ஆறுகளில் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் வேறு வேதிப்பொருள்களும் இந்தக் கோளாறுக்குப் பங்களித்திருக்கலாம் என்று ஜாப்ளிங் குழு 2009-ல் சொன்னதும் இதோடு பொருந்துகிறது.

2012-ல் ஐரோப்பிய ஆணையம் எதினைல் எஸ்ட்ராடையாலுக்கு லிட்டருக்கு 0.035 நானோகிராம் என்ற ஆண்டுச் சராசரி வரம்பை முன்மொழிந்தது. அதே ஒரு மாத்திரையை இந்த வரம்புக்குள் கொண்டுவர எட்டரை லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். செலவுக் கணக்கைப் பார்த்து உறுப்பு நாடுகள் பின்வாங்க, அது கட்டாய வரம்பாகாமல், 2015-ல் கண்காணிப்புப் பட்டியலில் மட்டும் இடம் பிடித்தது. சுவிட்சர்லாந்து மட்டும் 2016 முதல் தன் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோன், செயலூட்டிய கரி ஆகியவற்றைச் சேர்க்கச் சட்டப்படி பணம் ஒதுக்கி வேலையைத் தொடங்கியது.

இத்தனைக்கும் நடுவே ஒரு கேள்வி துருத்திக்கொண்டு நிற்கிறது. 260-ஆம் ஏரியின் மின்னோ இரண்டு மூன்று ஆண்டில் மறைந்ததென்றால், பல பத்தாண்டுகளாகக் கழிவுநீரில் வாழும் ரோச் ஏன் இன்னும் இங்கிலாந்து ஆறுகளில் இருக்கிறது? 2014-ல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் மரபணு ஆய்வின் வழியாக, கழிவுநீர் மிகுந்த ஆறுகளிலும் ரோச் கூட்டங்கள் வெளியிலிருந்து மீன்கள் வந்து சேராமலேயே தம்மைத் தாமே நிலைநிறுத்திக்கொண்டு வருவதைக் காட்டினார்கள்.

அளவு ஒரு காரணம், பெரும்பாலான ஆறுகளில் மாத்திரை ஹார்மோன் அந்த ஏரியில் இருந்ததைவிடக் குறைவு. இன்னொரு காரணம் ஆணின் பாதிப்பு எல்லோருக்கும் ஒரே அளவாக இல்லாதது. 2011-ல் பிரிட்டனில் செய்த சோதனையில், ஆண்களைப் போட்டியில் விட்டுக் குஞ்சுகளின் தந்தை யார் என்று மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். அதிகம் பாதித்தவற்றின் இனப்பெருக்க வெற்றி 76 விழுக்காடுவரை குறைந்திருந்தது. லேசாகப் பாதித்தவை சமாளித்துவிட்டன. ஆற்றில் பிடிபடுபவற்றில் பெரும்பாலானவை இந்த லேசான வகை.

மூன்றாவது காரணம் இரண்டு மீன்களின் குடும்ப வாழ்க்கையில் இருக்கிறது என்பது என் கணிப்பு. ரோச் கூட்டமாகச் சேர்ந்து முட்டையிடும் மீன். ஒரு பெண்ணைச் சுற்றிப் பல ஆண்கள் நெருக்கியடித்து விந்தைக் கொட்டும். அதில் இரண்டு ஆண்கள் சரியில்லாவிட்டாலும் மூன்றாவது ஒன்று முட்டையைக் கருவுறச் செய்துவிடும். ஆயுளும் பத்தாண்டைத் தாண்டும், ஒரு பருவம் தவறினால் அடுத்தது உண்டு. மின்னோ அப்படியில்லை. இரண்டு மூன்று ஆண்டு வாழும் மீன். அதில் ஆண் தனியாக ஒரு கல்லுக்கு அடியில் இடம் பிடித்து, தலையில் முளைக்கும் முள் போன்ற கொப்புளங்களால் அதைச் சுத்தம் செய்து, முட்டைகள் பொரியும்வரை காவல் காக்க வேண்டும். அந்தக் கொப்புளங்கள், இடம் பிடிக்கும் சண்டைக்குணம், காவல் எல்லாமே ஆண் ஹார்மோனை நம்பியிருப்பவை. அது வற்றினால், விந்து சொட்டுகிறதா என்று வயிற்றை நீவிப் பார்க்கும் கட்டம்கூட வராது. கல்லுக்கு அடியில் முட்டையைப் பார்த்துக்கொள்ள ஆளே இருக்காது.